அமைதியான அடுக்களை

உங்கள் வீட்டில் ஓசை மிகுந்த அறை எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? தொலைக்காட்சி இருக்கும் கூடம் என்றே பலரும் சொல்லக்கூடும். நாளைக் காலை ஏழு மணிக்கு அடுக்களை வாயிலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். குக்கர் விசில், மிக்சி, தொட்டியில் விழும் குழாய் நீர், எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை, கடுகு வெடிக்கும் ஓசை என்று எண்ணிக்கொண்டே போகலாம். இவற்றின் நடுவே, அடுப்பின் வெப்பத்தில், நாள்தோறும் சில மணி நேரம் ஒருவர் நின்று வேலை செய்கிறார்.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இதில் அக்கறை வந்தது நான் செய்த ஒரு தவற்றினால்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஜப்பானிய வீடுகளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றைப் பார்த்தேன். வெறுமையான சுவர், ஒரு மேடை, ஓரிரு பாத்திரங்கள். ‘ஜென் பாணி அடுக்களை’ என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. வீட்டைப் பழுது பார்த்தபோது எங்கள் அடுக்களையையும் அப்படியே மாற்றினேன். பழைய மர அலமாரிகளைக் கழற்றினேன். பின்புறத் தாழ்வாரத்தை நோக்கிய சாளரத்தைச் செங்கல் வைத்து மூடினேன். தரையிலிருந்து கூரை வரை பளபளக்கும் வெள்ளை ஓடுகளைப் பதித்தேன். பார்ப்பதற்கு அறை படத்தில் உள்ளது போலவே இருந்தது.

ஒரு மாதத்துக்குள் அம்மா அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். “உள்ளே இருந்தா தலை வலிக்குதுடா” என்றார். அடுக்களைக்குள் நான் ஏதாவது சொன்னால், “என்ன சொன்னே?” என்று இரண்டு மூன்று முறை கேட்டார். காது மந்தமாகி வருகிறது என்று நானே முடிவு கட்டினேன். ஆனால் தாழ்வாரத்தில் இருக்கும்போது நான் மெல்லப் பேசினாலும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. அப்போதுதான் எனக்கு ஐயம் பிறந்தது. கோளாறு அம்மாவின் காதிலா, நான் கட்டிய அறையிலா?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனபோது கற்றுக்கொண்டவற்றை இங்கே உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

ஜென் மடத்தின் சமையற்காரர்

‘ஜென்’ என்ற சொல் நமக்கு அயலானதன்று. ‘தியானம்’ என்ற சொல்லே சீன மொழியில் ‘சான்’ எனவும், அங்கிருந்து ஜப்பானுக்குச் சென்று ‘ஜென்’ எனவும் ஆயிற்று. ஜென் மரபில் அடுக்களைக்கு உயர்ந்த இடம் உண்டு. மடத்தின் தலைமைச் சமையற்காரருக்கு ‘தென்சோ’ என்று பெயர். மடத்தை நடத்தும் ஆறு பொறுப்பாளர்களில் அவரும் ஒருவர்.

டோகென் (1200-1253) என்ற ஜப்பானியத் துறவி 1223ஆம் ஆண்டு சீனாவுக்குச் சென்றார். துறைமுகத்தில் கப்பலிலேயே தங்கியிருந்தபோது, ஜப்பானியக் காளான் வாங்குவதற்காக ஒரு முதிய தென்சோ அங்கு வந்தார். இந்த வயதில் தியானத்தையும் நூல்களையும் விட்டுவிட்டுச் சமையலில் ஏன் உழல வேண்டும் என்று டோகென் கேட்டார். உனக்கு இன்னும் புரியவில்லை என்று முதியவர் சிரித்துவிட்டு, மறுநாள் சமையலைக் கவனிக்க அன்றே மடத்துக்குத் திரும்பிவிட்டார். அந்தச் சந்திப்பை டோகென் மறக்கவில்லை. 1237இல் சமையற்காரருக்கான அறிவுரைகளாக ‘தென்சோ க்யோகுன்’ என்ற நூலை எழுதினார். 1244இல் அவர் மலைப்பகுதியில் நிறுவிய மடம், எய்ஹெய்ஜி என்ற பெயருடன் ஃபுகுய் மாவட்டத்தில் இன்றும் உள்ளது.

அந்த நூலில் சுவரின் நிறமோ அலங்காரமோ பேசப்படவில்லை. அரிசியை எப்படிக் கழுவுவது, பாத்திரங்களை எங்கே வைப்பது, எதையும் வீணாக்காமல் எப்படி வேலை செய்வது என்பவையே அதன் பொருள். எய்ஹெய்ஜி மடத்தில் வழங்கும் ஒரு மரபுக் கதையின்படி, டோகென் ஓடையில் ஓர் அகப்பை நீர் மொண்டால், தேவையானது போக மீதியை ஓடைக்கே திருப்பிவிடுவாராம்.

இதை ஓர் இயற்பியல் மாணவர் எப்படிப் பார்ப்பார்? ஓசை, கண் கூச்சம், வெக்கை ஆகிய மூன்றுமே ஆற்றலின் வடிவங்கள். சோற்றை வேக வைக்கவும் காயை நறுக்க ஒளி தரவும் நாம் செலவிட்ட ஆற்றலில் ஒரு பகுதி வழி தவறி, அங்கே நிற்பவரின் காதிலும் கண்ணிலும் தோலிலும் போய் விழுகிறது. அந்த வீண் ஆற்றலைக் குறைத்தால் அடுக்களையில் அமைதி தானே வந்து சேரும். படப் புத்தகத்தைப் பார்த்து நான் வாங்கியது தோற்றம் மட்டுமே. புகைப்படத்துக்கு ஒலியும் இல்லை, வெப்பமும் இல்லை. அந்தப் படத்தில் அடுப்பே எரியவில்லை!

அறையின் எதிர்முழக்கம்

முதலில் ஒலியைப் பார்ப்போம். அறையில் எழுப்பப்பட்ட ஒலி சுவர்களில் மீண்டும் மீண்டும் பட்டுத் திரும்புவதால், மூல ஒலி நின்ற பின்னும் சிறிது நேரம் நீடிக்கிறது. இதுவே எதிர்முழக்கம். ஒலியின் திறன் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய, அதாவது 60 டெசிபெல் இறங்க, ஆகும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்கிறோம்.

இதை முதலில் அளந்தறிந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன். அங்கே 1895இல் புதிதாகத் திறக்கப்பட்ட ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சாளர் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் எழுந்த பின் அது அடங்க ஏறக்குறைய ஐந்தரை நொடி ஆயிற்று. ஊர் அடங்கிய இரவு வேளையில், ஓர் ஆர்கன் குழலையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அடுக்கி, நேரம் எவ்வளவு குறைகிறது என்று அவர் அளந்தார். அவர் கண்ட விதி மிக எளியது. அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.16ஆல் பெருக்கி, அறையின் மொத்த ஒலி உட்கவர் திறனால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் நொடியில் கிடைக்கும்.

உட்கவர் திறனை அளக்க அவர் கையாண்ட அலகு அழகானது: திறந்த சாளரம்! திறந்த சாளரத்தின் வழியே சென்ற ஒலி திரும்பி வருவதில்லை. ஆகவே ஒரு சதுர மீட்டர் திறந்த சாளரத்தின் உட்கவர் திறன் 1. மெருகு ஓடும் வழவழப்பான சாந்துப் பூச்சும் ஒரு சதுர மீட்டருக்கு 0.02 அளவே உட்கவர்கின்றன. அவற்றில் பட்ட ஒலியில் 98 விழுக்காடு திரும்பி வருகிறது.

எங்கள் அடுக்களையின் நீளம் 3 மீட்டர், அகலம் 2.5 மீட்டர், உயரம் 3 மீட்டர். கன அளவு 22.5 கன மீட்டர். தரை, கூரை, நான்கு சுவர்கள் எல்லாம் சேர்ந்து 48 சதுர மீட்டர். 48ஐ 0.02ஆல் பெருக்க 0.96 கிடைக்கிறது. எனவே எதிர்முழக்க நேரம் ஏறக்குறைய 3.8 நொடி. நான் செங்கல் வைத்து மூடிய சாளரத்தின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதைத் திறந்து வைத்தால் உட்கவர் திறன் இரு மடங்குக்கு மேலாகி, நேரம் பாதியாகக் குறைந்துவிடும். இது வெற்று அறைக்கான தோராயக் கணக்கு. ஆட்களும் பொருள்களும் உள்ளே வந்தால் நேரம் மேலும் குறையும். ஆயினும் ஒப்பீடு தெளிவாகவே இருக்கிறது.

நாம் பேசும்போது நொடிக்கு நான்கைந்து அசைகளை ஒலிக்கிறோம். முன்னே சொன்ன அசை அடங்குவதற்குள் அடுத்த பல அசைகள் அதன் மீது வந்து விழுந்தால் சொல் எப்படி விளங்கும்? இளம் காது ஓரளவு பிரித்தறிந்து சமாளிக்கும். முதியவர்களுக்கு அது கடினம். அம்மா “என்ன சொன்னே?” என்று கேட்டதன் காரணம் இதுவே.

சாளரத்தை மீண்டும் திறந்தேன். கழற்றிய மர அலமாரிகளில் ஒன்றை எதிர்ச்சுவரில் மாட்டி, பருப்பும் மிளகாயும் துணிப் பைகளில் கட்டி அதில் வைத்தோம். மென்மையான, நுண்துளைகள் உள்ள பொருள்கள் ஒலியை உட்கவர்கின்றன. ஆனால் அடுப்புக்கு அருகில் துணி எதையும் தொங்கவிடாதீர்கள். அது தீயை வரவழைக்கும்.

ஒலிக்கும் பொருளும் ஒலிக்காத பொருளும்

அடுத்து, ஒலி பிறக்கும் இடத்தைக் கவனிப்போம். ஓர் எவர்சில்வர் தம்ளரை இரு விரல்களால் அடியில் மெல்லப் பிடித்துக்கொண்டு கரண்டியால் தட்டுங்கள். ‘ணங்’ என்று நெடுநேரம் ஒலிக்கும். இப்போது விளிம்பை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துத் தட்டுங்கள். ‘டக்’ என்று நின்றுவிடும். உலோகத்தில் அதிர்வு ஆற்றல் எளிதில் செலவாவதில்லை. ஒவ்வோர் அலைவிலும் மிகச் சிறு பங்கே வெப்பமாக மாறுகிறது. மரத்திலும் நாரிலும் ரப்பரிலும் அது விரைவில் வெப்பமாகிவிடுகிறது. இப்பண்பை அதிர்வுத் தணிப்பு என்பர்.

ஜென் மடத்தார் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்தவர்கள். உணவு வேளையை அறிவிக்க அவர்கள் அடிப்பது ‘உம்பான்’ என்ற மேக வடிவ உலோகத் தகடு. எல்லோருக்கும் கேட்க வேண்டுமல்லவா? ஆனால் பேச்சின்றி உண்ணும் கலங்களோ மெருகெண்ணெய் பூசிய மரக் கிண்ணங்கள். ஜப்பானிய எழுத்தாளர் தனிசாக்கி ஜுனிசிரோ 1933இல் எழுதிய ‘நிழல்களின் புகழ்’ என்ற கட்டுரையில், பீங்கான் கலகலக்கும், மெருகு மரக் கலமோ ஓசையே எழுப்பாது என்ற கருத்தைச் சொல்கிறார். அது ரசனை மட்டுமன்று, நல்ல இயற்பியலும் ஆகும்.

நம் அடுக்களையில் இதற்கு ஈடான ஒன்று முன்பே இருந்தது: பிரிமணை. கருங்கல் மேடையில் பாத்திரத்தை நேரே வைத்தால் எழும் ஓசையை, கயிற்றால் திரித்த அந்த வளையம் விழுங்கிவிடுகிறது. தட்டுகளைக் கவிழ்க்கும் கூடையின் அடியில் ஒரு ரப்பர் விரிப்பு, தொட்டியின் அடித்தகட்டின் வெளிப்புறத்தில் ஒரு ரப்பர்த் துண்டு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

மிக்சியின் கதை சற்று வேறு. வகுப்பில் இசைக்கவையின் காம்பை மேசை மீது ஊன்றினால் ஒலி பெருகுவதைப் பார்த்திருப்பீர்கள். மேசையின் பெரும் பரப்பு காற்றைத் தள்ளுவதே அதற்குக் காரணம். மிக்சியை ஒரு தட்டுப் பலகை மீதோ, பாத்திரங்கள் அடுக்கிய தட்டின் மீதோ வைத்தால் அவையும் சேர்ந்து அதிரும். கனமான மேடை மீது, மிக்சியின் கால்களுக்கு மட்டும் ரப்பர்த் துண்டு வைத்து நிறுத்துங்கள். முழுத் துணியை மடித்து அடியில் வைத்தால் காற்றுத் துளைகள் அடைபட்டு மோட்டார் சூடாகிவிடும். பல மிக்சிகள் ஒரு மீட்டர் தொலைவில் 80 முதல் 90 டெசிபெல் வரை ஒலிக்கின்றன. இயல்பான உரையாடல் 60 டெசிபெல் அளவே. 10 டெசிபெல் கூடினால் ஒலித்திறன் 10 மடங்காகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இரவில் சொட்டும் குழாயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அனுராக் அகர்வாலும் அவர் குழுவினரும் 2018இல் இதை ஆராய்ந்து வெளியிட்டனர். ‘டொப்’ என்ற ஒலி, துளி நீரில் மோதுவதால் பிறப்பதன்று. மோதியபின் நீருக்கடியில் சிக்கிக்கொள்ளும் சிறு காற்றுக் குமிழி அதிர்வதால் பிறக்கிறது. கீழே உள்ள பாத்திர நீரில் சிறிது பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கலந்தால் பரப்பு இழுவிசை குறைந்து, குமிழி சிக்காமல், ஒலி நின்றுவிடும். செய்து பாருங்கள். ஆனால் நீர் வீணாவதை நிறுத்த வாஷர் மாற்றுவதே வழி!

விசிலை எண்ண வேண்டுமா?

குக்கர் விசிலும் வழி தவறிய ஆற்றலே. குக்கரின் எடை, உள்ளிருக்கும் நீராவி அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்காகும் வரை தாக்குப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் நீர் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது. எடை தூக்கப்பட்டுவிட்டால் அதன்பின் தீயை எவ்வளவு கூட்டினாலும் வெப்பநிலை உயராது. கூடுதல் வெப்பம் நீராவியாக வெளியேறி ஊதுகிறது. முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி, நிமிடத்தைக் கணக்கிட்டால் பருப்பு அதே போல் வெந்துவிடும்.

இதைச் சொன்னபோது, “விசில் வராம வெந்துச்சான்னு எப்படிடா தெரியும்?” என்று அம்மா கேட்டார். அலமாரியில் ஒரு கடிகாரத்தை வைத்து இருவரும் சோதித்தோம். முதல் நாள் பருப்பு நறுக்கென்று இருந்தது. இரண்டு நிமிடம் கூட்டினோம், சரியாக வந்தது. இப்போது எங்கள் வீட்டில் ஒரு விசிலோடு சமையல் முடிகிறது.

கண் கூசாத ஒளி

மெருகேறிய வெள்ளை ஓட்டின் மீது நேராக விழும் ஒளியில் கண்ணாடி போலத் திரும்புவது 4 விழுக்காடு அளவுதான். மீதியில் பெரும்பகுதி, உள்ளிருக்கும் வெள்ளைப் பொருளால் எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கப்படுகிறது. ஆனால் இன்றைய எல்.இ.டி. விளக்கின் ஒளிரும் பரப்பு மிகச் சிறியது, பொலிவு மிகப் பெரியது. அதன் பிம்பத்தில் 4 விழுக்காடு பட்டாலும் கண் கூசும். கண்புரை தொடங்கிய கண்ணில், விழிவில்லையே ஒளியைச் சிதறடிப்பதால், கூச்சம் மேலும் கூடும். அம்மாவின் தலைவலிக்கு இதுவும் ஒரு காரணம் என்பது கண் மருத்துவரிடம் காட்டியபோது தெரிந்தது.

ஜப்பானிய வீடுகளில் ‘ஷோஜி’ என்ற காகிதக் கதவுகள் வெயிலை வடிகட்டி அறை முழுதும் மென்மையாகப் பரப்புகின்றன. நாமும் விளக்குக்குப் பாலாடை நிறக் கூடு மாட்டி, எதிர்ச்சுவருக்கு மெருகற்ற பூச்சு கொடுத்து அதே விளைவைப் பெறலாம்.

விளக்கு இருக்குமிடமும் முக்கியம். கூரையின் நடுவில் விளக்கு இருந்தால், மேடையை நோக்கி நிற்பவரின் நிழல் அவர் நறுக்கும் காயின் மீதே விழும். 3 மீட்டர் உயரக் கூரையிலிருந்து மேடைக்கு ஏறக்குறைய 2.15 மீட்டர். மேடைக்கு மேல் 0.7 மீட்டரில், அலமாரியின் அடியில் ஒரு சிறு விளக்கைப் பொருத்தினால், எதிர்விகித இருமடி விதிப்படி ஒன்பதில் ஒரு பங்கு ஒளியே போதும். நிழலும் விழாது, கூச்சமும் குறையும்.

வெப்பத்துக்கு வழி விடுங்கள்

2 கிலோவாட் திறனுள்ள எரிவாயு அடுப்பில், நன்றாக எரியும்போதும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பம் பாத்திரத்தில் சேராமல் அறைக்குள் போகிறது. அது 700 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் வெளியிடுவது 100 வாட். ஆகவே ஓர் அடுப்பு எரிந்தால் ஆறேழு பேர் உள்ளே வந்து அமர்ந்ததற்குச் சமம்!

மூடி போடுவதும் பெரிய உதவி. 30 டிகிரியில் உள்ள ஒரு கிலோகிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 293 கிலோஜூல் போதும். அதே நீரை முழுதும் ஆவியாக்க 2260 கிலோஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கு மேல். திறந்த பாத்திரத்திலிருந்து எழும் ஆவி அவ்வளவு வெப்பத்தைச் சுமந்து வந்து, வியர்வை உலராதபடி அறையைப் புழுக்கமாக்குகிறது.

ஜப்பானின் பழைய மடத்து அடுக்களைகளில் கூரை மிக உயரமானது. உச்சியில் புகை வெளியேறத் திறப்பு இருக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலேறும், குளிர்ந்த காற்று கீழே அதன் இடத்துக்கு வரும். மேலே வெளிவழி இருந்தும் கீழே உள்வழி இல்லையென்றால் ஓட்டம் நடைபெறாது. நான் சாளரத்தை மூடிய பின் வெளியேற்றும் விசிறி ஓசை மட்டுமே எழுப்பியது. அது இழுக்க உள்ளே புதுக்காற்று ஏது? விசிறிக்குப் பக்கத்திலேயே சாளரம் இருந்தாலும் பயனில்லை. அருகிலிருந்த காற்றையே இழுத்து வெளியே தள்ளும். அடுப்பின் புகை அங்கேயே நிற்கும். அடுப்பை அணைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை போகும் வழி காற்றின் வழியைக் காட்டும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். எனவே தரையை ஒட்டி ஒரு கம்பி வலைத் திறப்பு இருப்பது காற்றோட்டத்துக்கும் நல்லது, உயிருக்கும் பாதுகாப்பு.

மேலது மேலே, கீழது கீழே

டோகென் தம் நூலில் பாத்திரங்களைப் பற்றி ஓர் எளிய விதி தருகிறார். மேலே வைக்க வேண்டியதை மேலேயும், கீழே வைக்க வேண்டியதைக் கீழேயும் வையுங்கள் என்பதே அதன் கருத்து. கனமான பொருள் கீழே இருந்தால் அலமாரியின் ஈர்ப்பு மையம் தாழ்ந்து, அது நிலையாக நிற்கும். தலைக்கு மேலிருந்து இறக்கும்போது தோளுக்கு வரும் சுமையும், கைதவறி விழும் அச்சமும் இல்லை. நாள்தோறும் எடுப்பவை இடுப்புக்கும் தோளுக்கும் இடையே கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும். ஆண்டுக்கு இருமுறை எடுக்கும் அண்டா அடுக்களையில் இருக்கவே தேவையில்லை. மேடையின் உயரம், அங்கே நின்று வேலை செய்பவரின் முழங்கை மட்டத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே இருக்கலாம். வீடு கட்டுபவரின் முழங்கையை அளந்து பயனில்லை.

செலவிடும் முன்

வாசகர்களே, உங்கள் வீட்டு அடுக்களையை மாற்ற நினைத்தால் கொத்தனாரை அழைக்கும் முன் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டி, ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கேளுங்கள். மாலையில் விளக்கைப் போட்டுவிட்டு மேடைமுன் நின்று, எங்கெல்லாம் விளக்கின் பிம்பம் கண்ணில் குத்துகிறது என்று பாருங்கள். ஊதுபத்திப் புகை எங்கே செல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்காவதாக ஒன்று உண்டு. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். அங்கே நாள்தோறும் நிற்பவரிடம், எது உங்களுக்குத் தொல்லை தருகிறது என்று கேளுங்கள். நான் முதலில் செய்யாமல் விட்டது அதுதான்.

அம்மாவைக் காது மருத்துவரிடமும் அழைத்துச் சென்றேன். வயதுக்கேற்ற சிறு குறைவு மட்டுமே என்றார் அவர். சென்ற வாரம் கல்லூரியிலிருந்து திரும்பியபோது அடுக்களைச் சாளரத்தின் கீழே அமர்ந்து அம்மா கீரை ஆய்ந்து கொண்டிருந்தார். அடுப்பில் குக்கர் விசிலின்றி வெந்துகொண்டிருந்தது. வாசலிலிருந்தே, “காபி இருக்காம்மா?” என்று மெல்லக் கேட்டேன். “இருக்கு, வா” என்று ஒரே முறையில் பதில் வந்தது.